தட்டோடு பின்னால் ஓடாமல், போன் காட்டாமல்: குழந்தையைத் தானாகச் சாப்பிடப் பழக்கும் முழு வழி (1 முதல் 2 வயது வரை)

தட்டைத் தூக்கிக்கொண்டு பொடக்காலி (கொல்லைப்புறம்) வரைக்கும் பின்னால் ஓடுவது, காக்காயைக் காட்டி ஒரு வாய், போனில் பாட்டைப் போட்டு ஒரு வாய், இப்படி ஒரு வேளைச் சோற்றுக்கு ஒன்றரை மணி நேரம் போகும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். என் இரண்டு குழந்தைகளையும் இப்படித்தான் பழக்கினேன். பிறகு எங்கள் நங்கையா (அண்ணி) வீட்டிலும், எங்கள் வீதியில் நான்கைந்து வீடுகளிலும் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். முதல் வேலையாகப் போனைப் பிடுங்குகிறார்கள். வயிறு நிறையப் பால் குடித்த குழந்தை, போனும் இல்லையென்றால் எதற்காக வாயைத் திறக்கும்? மூன்றாம் நாள் யாராவது மனசு கேட்காமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் வரிசை முக்கியம். முதலில் பசி, அப்புறம் இடம், அப்புறம் கை, கடைசியில்தான் போன். அவசரப்படாமல் செய்தால் மூன்று, நான்கு வாரம் ஆகும்.

1. எடை போட்டுவிட்டுத் தொடங்குங்கள்

பக்கத்து அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடையும் உயரமும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் குழந்தை குறைவாகச் சாப்பிடும் நாட்கள் வரும். அப்போது "இளைச்சுப் போச்சு" என்று நாலு பேர் சொல்வார்கள். கையில் எண் இருந்தால்தான் பயப்படாமல் இருக்க முடியும்.

ஒரு வயதுக்கு மேல் பசி குறைவது இயல்பு. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவில் நடுவில் நிற்கும் பெண் குழந்தை பிறக்கும்போது 3.2 கிலோ, ஒரு வயதில் 8.9 கிலோ, இரண்டு வயதில் 11.5 கிலோ. முதல் வருடம் 5.7 கிலோ ஏறிய குழந்தை இரண்டாம் வருடம் 2.6 கிலோதான் ஏறுகிறது. வளரும் வேகம் பாதியாகும்போது சோறும் குறையத்தான் செய்யும். பத்து மாதத்தில் சாப்பிட்ட அளவை மனதில் வைத்துக்கொண்டு ஒன்றரை வயதில் திணிப்பதில்தான் பாதிச் சண்டை தொடங்குகிறது.

அங்கன்வாடிக்குப் போகும்போதே குடற்புழு மாத்திரையும் வைட்டமின் ஏ சொட்டும் விட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். வயிற்றில் பூச்சி இருந்தால் பசி குறையலாம்.

2. எடுத்து வைக்க வேண்டியவை

விளிம்பு உயர்ந்த சின்ன எவர்சில்வர் வட்டல் (தட்டு) ஒன்று. குழந்தையின் கைக்குள் அடங்கும் சின்ன டம்ளர், கட்டைக் கைப்பிடி உள்ள கரண்டி. கீழே விரிக்கப் பழைய போர்வை. துடைப்பதற்கு பனியன் வேஸ்ட் துணி. திருப்பூர்ப் பக்கம் கிலோக் கணக்கில் கிடைக்கும், தண்ணீரை நன்றாக உறிஞ்சும்.

உயர நாற்காலி இருந்தால் நல்லது, இல்லையென்றால் வாங்க வேண்டியதில்லை. தரையிலோ மணையிலோ முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும். சாய்ந்தோ படுத்தோ சாப்பிடக் கூடாது, தொண்டையில் அடைக்கும்.

3. வீட்டுப் பெரியவர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்

இதைத் தள்ளிப்போட்ட வீடுகளில் எதுவும் நிலைக்கவில்லை. அம்மா ஒரு ஒழுங்கு வைத்திருப்பார், அப்பத்தா மடியில் வைத்து வர்க்கியை டீயில் நனைத்து ஊட்டிக்கொண்டிருப்பார். இரண்டு பேருக்கும் பாசம்தான், ஆனால் குழந்தைக்குப் பசி வராது.

பேசும் விதத்தில்தான் இருக்கிறது. "நீங்க பண்றது தப்பு" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நான் எங்கள் அத்தையிடம், "அத்தை, பதினஞ்சு நாளைக்கு மட்டும் இப்படி வெச்சுப் பாக்கலாமுங்க, எடை குறைஞ்சா நீங்க சொல்ற மாதிரியே செஞ்சரலாம்" என்றேன். "புள்ள பட்டினி கெடந்துருமே கண்ணு" என்றார்கள். முதல் படியில் குறித்த எடையைக் காட்டினேன். அப்புறம் பதினோரு மணிக்குப் பழம் கொடுக்கும் வேலையை அவர்களிடமே விட்டுவிட்டேன். பெரியவர்களைத் தள்ளி வைக்காமல் ஒரு வேளையை அவர்கள் பொறுப்பாக்கினால், மற்ற வேளைகளில் அவர்களே காவல் நிற்பார்கள்.

டீயைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளாமல் டீ தடுக்கிறது. இந்த வயதில் ரத்தசோகை சுலபமாக வந்துவிடும்.

அப்பாவிடமும் பேச வேண்டும். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரை, ஒன்பதுக்கு வருகிறவர் பையில் பிஸ்கட் பாக்கெட்டோடு வருவார். நாள் முழுக்கப் பார்க்காத குழந்தைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவது நியாயம்தான். தின்பண்டத்துக்குப் பதில் வேறு ஒன்றைப் பழக்கமாக்குங்கள். எங்கள் வீட்டில் வந்தவுடன் வண்டியில் உட்கார வைத்து வாசலில் ஒரு சுற்று.

4. முதல் வாரம்: பசி வருவதற்கு இடம் விடுங்கள்

இந்த வாரம் ஊட்டும் முறையை மாற்ற வேண்டாம். போனும் இருந்துவிட்டுப் போகட்டும். நேரத்தை மட்டும் மாற்றுங்கள்.

நாளுக்கு மூன்று சாப்பாடு, இரண்டு சிறுதீனி. இடையில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் வாயில் தண்ணீர் தவிர எதுவும் போகக் கூடாது. எங்கள் வீட்டில் இப்படி வந்தது: காலை எட்டரைக்கு இட்லியோ தோசையோ, பதினொன்றுக்குப் பழம், ஒன்றரைக்குச் சோறு, தூங்கி எழுந்து நான்கரைக்குப் பாலும் ஏதாவது தீனியும், ஏழு மணிக்கு ராத்திரிச் சாப்பாடு. உங்கள் வீட்டு நேரம் வேறாக இருக்கலாம். இடைவெளிதான் கணக்கு.

ராத்திரிச் சாப்பாட்டை அப்பா வரும் வரை தள்ளிப்போடாதீர்கள். எட்டு மணிக்கு மேல் குழந்தைக்குப் பசியைவிடத் தூக்கம் பெரிது. தூக்கக் கலக்கத்தில் வரும் அழுகையை "சாப்பிட மாட்டேங்குது" என்று தவறாக எடுத்துக்கொள்கிறோம்.

இங்கே நடக்கும் பெரிய தவறு சின்னச் சின்னதாக உள்ளே போவது. அரை பிஸ்கட், எதிர் வீட்டில் ஒரு முறுக்குத் துண்டு, கடைக்காரர் கொடுத்த மிட்டாய். பெரியவர்களுக்கு அது கணக்கில்லை. எலுமிச்சம்பழம் அளவு சோறு சாப்பிடும் குழந்தைக்கு அரை பிஸ்கட் பாதிச் சாப்பாடு.

5. அதே வாரம்: பாலைக் குறையுங்கள்

ஒரு நாள் முழுக்க எத்தனை மில்லி மாட்டுப்பால் போகிறது என்று அளந்து பாருங்கள். வீட்டில் மாடு இருந்தாலோ பக்கத்துத் தோட்டத்திலிருந்து பால் வந்தாலோ ஒரு லிட்டர் வரைக்கும் போவதைப் பார்த்திருக்கிறேன். 400 முதல் 500 மில்லிக்குமேல் வேண்டாம். மாட்டுப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அது வயிற்றை நிறைத்துவிட்டால் பருப்புக்கும் கீரைக்கும் முட்டைக்கும் இடம் இருக்காது.

ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒவ்வொரு வேளையிலும் 30 மில்லி குறைத்துக்கொண்டே வாருங்கள். பாட்டிலை டம்ளராக மாற்றினால் பாதி வேலை தானாக முடியும். பாட்டிலில் குழந்தை ஆறுதலுக்காகச் சப்பிக்கொண்டே இருக்கும், டம்ளரில் பசிக்கு மட்டும்தான் குடிக்கும்.

தாய்ப்பால் வேறு கணக்கு. இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை நிறுத்த வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னால் கொடுப்பதைப் பின்னால் மாற்றுங்கள், போதும்.

6. இரண்டாம் வாரம்: ஒரே இடம்

ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்துப் போர்வையை விரியுங்கள். வாசற்படி வேண்டாம். வண்டி போகும், நாய் வரும், கண் அங்கேதான் இருக்கும். தினமும் அதே மூலை, அதே வட்டல். கையைக் கழுவி அந்த இடத்தில் உட்கார்ந்தால் சோறு என்று நான்கைந்து நாளில் குழந்தை தெரிந்துகொள்ளும்.

எழுந்து போனால் பின்னால் போகாதீர்கள். "சோறு இங்க இருக்குது சாமி" என்று ஒரு முறை கூப்பிடுங்கள். வந்தால் கொடுங்கள், வராவிட்டால் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள். ஓடிக்கொண்டே சாப்பிடும் குழந்தைக்குப் புரை ஏறும் ஆபத்தும் அதிகம்.

கூடவே யாராவது ஒருவர் தன் தட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள். குழந்தையை மட்டும் உட்கார வைத்து, எதிரில் நாம் கரண்டியோடு காத்திருந்தால் அதற்கு அது பரீட்சை மாதிரி ஆகிவிடுகிறது.

7. என்ன சமைப்பது

தனிச் சமையல் வேண்டாம். ஒரு வயதுக்கு மேல் வீட்டுச் சாப்பாட்டையே பதம் மாற்றிக் கொடுக்கலாம். மிக்சியில் அரைப்பதை இப்போதே நிறுத்துங்கள். மெல்லும் பழக்கம் மென்றால்தான் வரும். இரண்டு வயது வரை அரைத்தே கொடுத்த குழந்தைகள் ஒரு பருக்கை நாக்கில் பட்டாலும் குமட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

கையால் எடுக்கப் பழக நம் ஊர் அரிசியும் பருப்பும் சோற்றுக்கு ஈடில்லை. ஒட்டும், ஆனால் பிசுபிசுக்காது. உருட்டினால் நிற்கும். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மஞ்சள், சீரகம். வழக்கத்தைவிட ஒரு டம்ளர் தண்ணீர் கூட. வரமிளகாயைக் கிள்ளாமல் காம்போடு முழுசாகப் போட்டால் காரம் அதிகம் இறங்காது. உப்பைப் பாதியாகப் போட்டு, குழந்தைக்கு எடுத்த பிறகு மற்றவர்களுக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். எடுத்த சோற்றில் நெய் விட்டு, கரண்டியால் லேசாக மசித்து, சுண்டைக்காய் அளவில் உருட்டி வட்டலில் நான்கைந்து வையுங்கள். நான்கைந்துதான். வட்டல் நிறைய வைத்தால் குழந்தை அதில் விளையாடத்தான் செய்யும்.

சந்தகை (இடியாப்பம் மாதிரி) பிழிந்த நாளில் இழைகளைக் கத்தரிக்கோலால் விரல்கணு நீளத்துக்கு வெட்டிவிடுங்கள். நீள இழை தொண்டைக்குள் பாதியும் வெளியே பாதியுமாக நின்று குமட்டும். தேங்காய்ப்பாலில் ஊற வைத்தால் மென்மையாகிவிடும். நாட்டுச்சர்க்கரை இல்லாமலே முதலில் கொடுத்துப் பாருங்கள்.

ராகிக் களியில் கவனம் வேண்டும். பெரியவர்கள் மெல்லாமல் விழுங்குவார்கள், குழந்தையால் முடியாது, மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மோரிலோ கீரைச் சாற்றிலோ கரைத்துக் கரண்டியால் கொடுங்கள். கம்மஞ்சோறும் அப்படித்தான்.

பச்சைப்பயறு கடைசல், மசித்த முட்டை, முருங்கைக்கீரை, முள்ளில்லாமல் உதிர்த்த மீன், நார் நாராகப் பிய்த்த கோழி, இவற்றில் ஒன்றாவது தினமும் இருக்கட்டும். பயறும் கீரையும் வைக்கும் நாளில் ஒரு துண்டு கொய்யாவோ நெல்லிக்காய்ச் சாறோ எலுமிச்சைத் துளியோ சேர்ந்தால், அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்கும்.

8. கையை விடும் முன்: தொண்டையில் அடைப்பவை

இதைப் படிக்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

நம் பக்கத்தில் முதல் ஆபத்து நிலக்கடலை. கடலைக்காய் பறிக்கும் காலத்தில் வீடு முழுக்கச் சிந்திக் கிடக்கும். முழுப் பருப்பு மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரல் வரைக்கும் இறங்கிவிடும். ஐந்து வயது வரை முழுக்கடலை வேண்டாம். பொடித்தோ சட்னியாகவோ கொடுங்கள். தேங்காய்ச் சில்லு, பச்சைக் கேரட், பொட்டுக்கடலை, புளியங்கொட்டை, பாப்கார்ன், மிட்டாய் எல்லாம் இதே கணக்கு. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். நுங்கை முழுசாகக் கொடுக்காதீர்கள், வழுக்கி உள்ளே போய்விடும். நசுக்கிக் கொடுங்கள்.

குமட்டுவதும் அடைப்பதும் ஒன்றல்ல. குமட்டும் குழந்தைக்குச் சத்தம் வரும், முகம் சிவக்கும், தானே வெளியே தள்ளிவிடும். அதைப் பார்த்துப் பதறி விரலை உள்ளே விட்டால் இன்னும் உள்ளே தள்ளுவீர்கள். பலமாக இருமினால் இரும விடுங்கள்.

சத்தமே வரவில்லை, மூச்சு விட முடியவில்லை என்றால் அதுதான் அடைப்பு. உடனே மடியில் குப்புறத் தலை தாழப் போட்டு, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் உள்ளங்கை அடியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வெளியே வராவிட்டால், ஒரு வயது கடந்த குழந்தைக்குப் பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். மாறி மாறிச் செய்யுங்கள். இன்னொருவர் அதற்குள் 108-ஐக் கூப்பிட வேண்டும். குழந்தை நினைவிழந்து துவண்டால் தரையில் கிடத்தி நெஞ்சழுத்தம் தொடங்குங்கள், 108-இல் பேசுபவர் சொல்லித் தருவதைக் கேளுங்கள்.

9. கை பழகும் நாட்கள்

காலைச் சாப்பாட்டில் தொடங்குங்கள். ராத்திரி முழுக்க வயிறு காலியாக இருந்ததால் அப்போதுதான் பசி நிஜமாக இருக்கும். இந்த ஒரு வேளைக்கு மட்டும் போன் இல்லை.

இட்லியை விரல் அளவு துண்டுகளாக்கி வட்டலில் போட்டுவிட்டு, நீங்கள் உங்கள் இட்லியைச் சாப்பிடுங்கள். முதல் நாள் பிசையும், தலையில் தேய்க்கும், ஒரு துண்டு வாய்க்குப் போனால் அதிகம். என் சின்னவள் இரண்டாம் நாள், கடைசலில் கிடந்த ஒரே ஒரு பச்சைப்பயறைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்து எடுக்கப் பார்த்தாள். நழுவிக்கொண்டே போனது. ஆறேழு முறை முயன்றாள், மூச்சுகூடப் பலமாக விட்டாள். கடைசியில் எடுத்து, உடனே வாயில் போடாமல் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். நடுவில் நான் ஊட்டியிருந்தால் அந்தப் பயறும் ஒரு வாயோடு போயிருக்கும், அவ்வளவுதான்.

கை அலுத்ததும் நீங்கள் ஊட்டலாம். தானாகப் பாதி, நாம் பாதி. அதில் தவறில்லை. குழந்தை கையில் ஒரு கரண்டி, உங்கள் கையில் ஒரு கரண்டி என்று வைத்துக்கொண்டால் பறிக்கும் சண்டை வராது.

ஒவ்வொரு பருக்கைக்கும் முகத்தைத் துடைக்காதீர்கள். பல குழந்தைகள் சோற்றைக் கண்டு முகம் திருப்புவதில்லை, அந்தத் துணியைக் கண்டுதான் திருப்புகின்றன. எல்லாம் முடிந்த பிறகு ஒரே துடைப்பு.

10. போனை எடுக்கும் வாரம்

காலை வேளை ஐந்து நாள் தொடர்ந்து நன்றாகப் போன பிறகுதான் மதியம். மதியம் நின்ற பிறகுதான் ராத்திரி. ராத்திரி கடைசியாக வர வேண்டும், அப்போது நமக்கும் பொறுமை குறைவு, குழந்தைக்கும் குறைவு.

போன் பார்த்துக்கொண்டே சாப்பிடும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரியாது, வாயில் இருப்பது என்னவென்றும் தெரியாது. அதனால் போனை எடுத்தவுடன் அளவு பாதியாகக் குறையும். குறையட்டும், இத்தனை நாள் பசியை மீறிப் போன பாதி அதுதான். இரண்டு, மூன்று நாள் அழுகை இருக்கும். போனைக் கண்ணில் படாமல் வேறு அறையில் வையுங்கள், உங்கள் போனையும் சேர்த்து.

போனுக்குப் பதில் டிவி, டிவிக்குப் பதில் காக்கா என்று மாற்றாதீர்கள். பேசுவதென்றால் தட்டில் இருப்பதைப் பற்றியே பேசுங்கள்: "இது சூடா இருக்குதா? இது புளிக்குதா?"

11. போதும் என்றால் போதும்

தலையைத் திருப்புவது, வாயை இறுக்குவது, தட்டைத் தள்ளுவது, துப்புவது எல்லாம் "போதும்" என்பதன் பேச்சு. கடைசி ஒரு வாய், அப்புச்சிக்கு ஒரு வாய் என்று ஆரம்பித்தால், சொன்னாலும் கேட்க மாட்டார்கள் என்று குழந்தை அடுத்த வேளை முதல் வாயிலேயே இறுக்கிக்கொள்ளும்.

இருபது முதல் முப்பது நிமிடம்தான் ஒரு சாப்பாடு. முடிந்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். கோபமும் வேண்டாம், பாராட்டும் வேண்டாம். குறைவாகச் சாப்பிட்டதற்கு ஈடாக உடனே பால் கொடுப்பதுதான் இந்தப் படியில் எல்லோரும் செய்யும் தவறு. அடுத்த சாப்பாடு இரண்டரை மணி நேரத்தில் வரத்தானே போகிறது. ஒரு வேளையைப் பார்த்துக் கணக்குப் போடாமல் ஒரு வாரத்தைப் பாருங்கள்.

புதுக் காயை ஒரு முறை துப்பினால் "இது இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்ட வேண்டாம். பத்து, பதினைந்து முறை கண்ணில் பட்ட பிறகே சில குழந்தைகள் வாயில் வைக்கும். பிடித்த சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு சுரைக்காயோ பீர்க்கங்காயோ வைத்துக்கொண்டே இருங்கள்.

12. டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

மாதம் ஒரு முறை எடை பாருங்கள். எடை குறைந்தாலோ, இரண்டு, மூன்று மாதம் ஏறாமல் நின்றாலோ, விழுங்கும்போதெல்லாம் புரை ஏறினாலோ, அடிக்கடி வாந்தி எடுத்தாலோ, உள்ளங்கையும் கண்ணின் கீழிமையும் வெளுத்திருந்தாலோ, மண்ணையோ சுண்ணாம்பையோ தின்றாலோ குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். மண் தின்பது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். அடித்துத் திருத்துகிற விஷயம் இல்லை. கடையில் பசி மருந்து கேட்டு வாங்கி ஊற்றாதீர்கள்.

13. காய்ச்சல், நோம்பி (திருவிழா), ஒறம்பரை (விருந்தாளி)

காய்ச்சல் நாட்களில் இந்த முறை எல்லாம் நிற்கட்டும். கேட்டதைக் கொடுங்கள், மடியில் வைத்து ஊட்டுங்கள், தண்ணீர் மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல் முளைக்கும் நாட்களிலும் அப்படித்தான்.

மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போனாலும், வீட்டுக்கு ஒறம்பரை வந்தாலும் நேரம் கலையும். அம்மாயி வீட்டில் நான்கு நாள் ஒப்புட்டு, கச்சாயம் என்று இனிப்பாகவே போகும், போகட்டும். அங்கே சண்டை பிடிக்க வேண்டாம். முழுக்கடலையும் மிட்டாயும் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். திரும்பி வந்த மறுநாள் காலை, அதே மூலையில் அதே போர்வையை விரித்து, நான்காம் படியிலிருந்து தொடங்குங்கள். முதல் தடவை மூன்று, நான்கு வாரம் ஆனது, இப்போது மூன்று, நான்கு நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும்.